கான்டாக்ட் லென்ஸ்: கண்ணாடியை மறைக்கவா, கண்ணைக் காக்கவா?



கான்டாக்ட் லென்ஸ் குறித்து மதரஸா வாசலில் நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. "லென்ஸ் அணிந்திருந்தால் ஒளூ கூடுமா, உஸ்தாத்?" என்பது ஒன்று. "பெண் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸ் போடலாமா?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி பேணுதலிலிருந்து பிறக்கிறது. இரண்டாவது கேள்வி அச்சத்திலிருந்து பிறக்கிறது. ஆனால் கேட்கப்பட வேண்டிய மூன்றாவது கேள்வியை ஏறக்குறைய எவரும் கேட்பதில்லை: "எம் பிள்ளையின் கண்ணுக்கு லென்ஸ் தேவையா? தேவையெனில் எந்த வகை? அதனைப் பாதுகாப்பாக அணிவது எவ்வாறு?"

இக்கேள்வி கேட்கப்படாததால் நம் குடும்பங்களில் இரு தவறுகள் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. தேவையற்றவர்கள் லென்ஸை வளையல், பொட்டலம் மருதாணி ஆகியவற்றைப் போல அலங்காரப் பொருளாகக் கருதி அலட்சியமாக அணிகின்றனர். உண்மையிலேயே தேவையுள்ளவர்களோ, "கண்ணுக்குள் எதையும் வைக்கக்கூடாது" என்ற பயத்தினால் அது மறுக்கப்பட்டு, மங்கிய பார்வையோடு காலம் கழிக்கின்றனர். லென்ஸ் என்பது அழகுப்பொருள் அன்று. அது கண் மருத்துவத்தின் ஒரு கருவி. அவ்வாறு கருதினால் இவ்விரு தவறுகளும் நீங்கும் என்பதே நமது கருத்து.

கண்ணின் மீது அமரும் ஒரு வில்லை

கருவிழியின் முன்னே தெளிந்த கண்ணாடிபோல் அமைந்திருக்கும் படலத்தை மருத்துவர்கள் கார்னியா என்பர். அப்படலத்தில் இரத்த நாளங்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். எனவே அது தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. படைத்தவனின் இந்த ஏற்பாட்டைச் சிந்தித்தால் லென்ஸ் குறித்த விதிகள் அனைத்தும் எளிதில் விளங்கிவிடும். கண்ணீர்ப் படலத்தின் மீது நாம் ஒரு வில்லையை வைக்கும்போது, காற்று வரும் வாசலில் ஒரு திரையைத் தொங்கவிடுகிறோம். அத்திரை காற்றை விடுவதாகவும், தூய்மையானதாகவும், உரிய நேரத்தில் அகற்றப்படுவதாகவும் இருத்தல் வேண்டும்.

1888ஆம் ஆண்டில் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஊதிச் செய்த கண்ணாடி வில்லைகளைக் கண்ணில் பொருத்திக் காட்டினார். அவை கனமானவை, சிறிது நேரமே அணிய இயன்றது. நீரை உறிஞ்சும் மென்மையான லென்ஸை உருவாக்கியவர் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. 1961ஆம் ஆண்டின் இறுதியில், தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பொருள்களையும் மிதிவண்டி டைனமோவையும் இணைத்து ஓர் இயந்திரம் செய்து அவர் முதல் லென்ஸுகளை வார்த்தெடுத்தார். 1971இல் மென்லென்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உயிர்வளியை மேலும் தாராளமாகக் கடத்தும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வகை 1990களின் இறுதியில் வந்தது. இன்று பெருநகரக் கண்ணாடிக் கடைகளில் கிடைப்பவற்றுள் பல அவ்வகையைச் சேர்ந்தவையே.

எவருக்கு எந்த லென்ஸ்?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை ஆகிய இரண்டையும் சாதாரண மென்லென்ஸ் சரிசெய்யும். கண்ணாடிச் சீட்டில் "சிலிண்டர் பவர்" என்று எழுதப்பட்டிருப்பவர்களுக்குக் கண்ணில் சுழலாமல் நிற்கும் டோரிக் லென்ஸ் தேவைப்படும். நாற்பதைக் கடந்து, கிதாபைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கத் தொடங்கும் நம்மைப் போன்றோருக்கு வெள்ளெழுத்துக்கென மல்டிஃபோகல் லென்ஸுகளும் உள்ளன. ஆயினும் அவை அனைவருக்கும் ஒத்துவருவதில்லை. படிக்கும்போது மட்டும் ஒரு கண்ணாடி அணிந்துகொள்வது பலருக்கு எளிது.

கால அளவைக் கொண்டும் இவை பிரிக்கப்படுகின்றன. ஒருநாள் அணிந்து எறிந்துவிடுபவை, இரு வாரத்துக்கானவை, ஒரு மாதத்துக்கானவை எனப் பல உண்டு. ஒருநாள் லென்ஸில் கழுவும் வேலையும் இல்லை. டப்பாவில் அழுக்குச் சேரும் அச்சமும் இல்லை. எப்போதாவது அணிபவர்களுக்கு அதுவே உகந்தது. "மாத லென்ஸ்" என்பது திறந்த நாளிலிருந்து ஒரு மாதம் என்பதே தவிர, முப்பது முறை அணியும் வரை என்பதன்று. நான்கு மாதங்கள் இழுத்து அணிந்து பணத்தை மிச்சப்படுத்துவோர் கண்ணைச் செலவழிக்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக்கான சீட்டைக் காட்டி லென்ஸ் வாங்கலாகாது. கண்ணாடி கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது. லென்ஸோ கண்ணின் மேலேயே அமர்கிறது. எனவே நம்பர் கூடுதலாக இருப்பவர்களுக்கு இரண்டின் பவரும் வேறுபடும். அத்துடன் லென்ஸின் வளைவும் விட்டமும் அவரவர் கண்ணுக்குப் பொருந்த வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று அளவெடுக்காமல் வாங்குவது, பிறருடைய செருப்பைக் கண்ணில் அணிவதற்கு ஒப்பாகும்.

பெரும்பாலான மனிதர்களுக்குக் கண்ணாடியே போதுமானது, பாதுகாப்பானதும் அதுவே. விளையாட்டு, தொழில், வசதி கருதி லென்ஸ் அணிவதில் குறையேதும் இல்லை. ஆனால் அதற்குரிய ஒழுங்கைப் பேண இயலாதவர் அதனைத் தொடாதிருப்பதே நலம்.

லென்ஸே மருந்தாகும் கண்கள்

கண்ணாடியால் தீர்க்க முடியாத குறைகளும் உள்ளன. அவற்றில் நம் பெற்றோரும் ஆசிரியர்களும் அவசியம் அறிந்திருக்க வேண்டியது கெரட்டோகோனஸ். கார்னியா மெலிந்து, கோளவடிவம் மாறி, கூம்புபோல் முன்னோக்கிப் புடைப்பதே இந்நோய். இது பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபது வயதுக்குள் தலைகாட்டி, முப்பதுகள் வரை வளரக்கூடியது. எழுத்துகள் நிழலடித்துத் தெரியும். விளக்குகள் சிதறித் தோன்றும். கண்ணாடியின் நம்பர் அடிக்கடி மாறும். புதுக் கண்ணாடி போட்டும் தெளிவு வராது.

மதரஸாவில் இத்தகைய பிள்ளைகளைப் பார்க்கிறோம். முஸ்ஹஃபை மூக்கருகே கொண்டுசெல்வான். ஒரு கண்ணைச் சுருக்குவான். புறங்கையால் கண்களைக் கசக்கிக்கொண்டே இருப்பான். "பாடத்தில் கவனமில்லை" என்று அவனுக்குப் பெயர் வந்துவிடும். ஃபத்ஹாவும் கஸ்ராவும் நிழலடித்துத் தெரியும் ஒரு பிள்ளை, ஹிஃப்ளு வகுப்பில் தடுமாறுவது அவனுடைய சோம்பலால் அன்று. கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளைகள் நம் வெப்ப நாட்டில் ஏராளம். அரிப்புக்கு மருத்துவரிடம் சொட்டுமருந்து பெற்றுக் கசக்குவதை நிறுத்துவதே முதற்காவல்.

நோய் வளர்வதைத் தடுக்க, ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் சொட்டை இட்டுப் புறஊதாக் கதிரைச் செலுத்தி கார்னியாவை உறுதிப்படுத்தும் சிகிச்சை உள்ளது. அது வளர்ச்சியை நிறுத்த உதவும். ஆனால் இழந்த தெளிவை முழுமையாகத் திருப்பித் தராது. அத்தெளிவைத் தருவது பெரும்பாலும் உறுதியான லென்ஸே. சுமார் 9 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள, காற்றைக் கடத்தும் கடினலென்ஸ் கார்னியாவின் மேல் அமரும்போது, மேடுபள்ளங்களைக் கண்ணீர் நிரப்பிவிடுகிறது. வெளிப்புறம் வழுவழுப்பான புதிய பரப்பாகிறது. கண்ணாடி போட்டும் பெரிய எழுத்தைப் படிக்க இயலாதவர், இந்த லென்ஸால் சிறிய எழுத்தையும் படிக்கக்கூடும்.

கடினலென்ஸின் உறுத்தலைத் தாங்க இயலாதவர்களுக்கு ஸ்க்லெரல் லென்ஸ் உண்டு. அது அளவில் பெரியது. கார்னியாவைத் தொடாமல் அதன் மேல் வளைந்து நின்று, கண்ணின் வெண்பகுதியில் தங்குகிறது. இடையில் உப்புநீர் தேங்கியிருப்பதால், கடுமையான கண்வறட்சி உள்ளவர்களுக்கும் அது நிழற்குடையாகிறது. மருந்து ஒவ்வாமையின் கொடிய வடிவமான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயால் கண் பாதிக்கப்பட்டவர்களுக்கு இவ்வகை லென்ஸ் பேருதவி செய்கிறது.

கைக்குழந்தைகளுக்கும் லென்ஸ் பரிந்துரைக்கப்படுவதுண்டு என்றால் பலர் நம்புவதில்லை. பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்கு ஒரு கண்ணில் அறுவை செய்து புரையை அகற்றிய பின், கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்தப்படாவிடில், அக்கண்ணுக்குத் தடித்த கண்ணாடி மாட்டினால் அதில் தெரியும் உருவம் மற்றக் கண்ணில் தெரிவதைவிட ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பெரிதாகிவிடும். மூளை இரண்டையும் இணைக்க இயலாமல் ஒரு கண்ணைப் புறக்கணிக்கும். லென்ஸ் அவ்வேறுபாட்டைப் பெரிதும் குறைக்கிறது. "பச்சைக் குழந்தையின் கண்ணில் லென்ஸா?" என்று பாட்டிமார் பதறுவது இயல்பே. ஆனால் அக்குழந்தையின் பார்வை வளரும் காலம் குறுகியது. தாமதத்தின் விலை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

காயத்தால் கார்னியாவில் வெள்ளைத் தழும்பு விழுந்தவர்களுக்கு, மற்றக் கண்ணின் நிறத்துக்கு ஒப்பாகத் தீட்டிய லென்ஸ் தரப்படுகிறது. தலைகுனிந்தே நடந்த ஓர் இளைஞரை நிமிர்ந்து நடக்கச் செய்யும் அதனை வெறும் அலங்காரமென்று நாம் ஒதுக்கமாட்டோம். அறுவைக்குப் பின் புண்ணாற்றும் கட்டாகவும் மென்லென்ஸ் சில நாட்கள் வைக்கப்படுவதுண்டு.

பிள்ளைகளின் கிட்டப்பார்வை ஆண்டுதோறும் ஏறுவதை மெதுவாக்கவும் தனி லென்ஸுகள் வந்துள்ளன. 8 முதல் 12 வயதுக்குள் அணியத் தொடங்கும் பிள்ளைகளுக்கான ஒருநாள் லென்ஸ் ஒன்றுக்கு 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இரவில் அணிந்து காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே என்ற கடினலென்ஸும் உண்டு. அது கார்னியாவைத் தற்காலிகமாகத் தட்டையாக்குகிறது. உறக்கத்தில் அணிவதால் அதற்குக் கண்காணிப்பு மிகுதியாக வேண்டும். எதுவாயினும், பிள்ளைகளைத் தினமும் வெளிச்சத்தில் வெளியே விளையாடவிடுவது கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடும். அதற்குச் செலவேதும் இல்லை.

ஒளூவின் தூய்மையும் லென்ஸின் தூய்மையும்

இனி முதற்கேள்விக்கு வருவோம். ஒளூவிலும் கடமையான குளிப்பிலும் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையன்று. தமிழகத்தில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் நிலையும் இதுவே. எனவே லென்ஸ் கண்ணில் இருக்கும் நிலையில் செய்த ஒளூ கூடும், குளிப்பும் கூடும். ஐவேளையும் அதனைக் கழற்றி மாட்டத் தேவையில்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. இமை முடிகளில் பூசப்படும் நீர்புகா மஸ்காரா தண்ணீரைத் தடுக்கும். லென்ஸுக்கு ஃபத்வா கேட்கும் சகோதரிகள் அதற்கும் கேட்க வேண்டும்.

ஆனால் ஒளூ கூடுமா என்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. ஹவுளின் நீர் மார்க்கப்படி தூய்மையானது, தூய்மையாக்கவும் வல்லது. அதே நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளும் வாழலாம். அகாந்தமீபா என்ற அமீபா குழாய்நீர், கிணறு, மேல்நிலைத் தொட்டி, நீச்சல் குளம் எங்கும் வாழ்கிறது. சாதாரணமாக அது நமக்குத் தீங்கு செய்வதில்லை. லென்ஸில் ஒட்டிக்கொண்டு கார்னியாவில் இறங்கினால், பல மாதச் சிகிச்சையையும் பார்வையிழப்பையும் தரவல்லது. தடித்த கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் இயல்புடையதால் அதனை அழிப்பதும் கடினம். ஆகவே தொழுகைக்கான தூய்மை வேறு, லென்ஸுக்கான தூய்மை வேறு என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? ஒளூவில் முகம் கழுவும்போது கண்களை மூடிக்கொள்ளவும். ஒளூ செய்த ஈரக்கையால் லென்ஸைத் தொடவேண்டாம். சோப்பால் கை கழுவி, நூல் பிரியாத தூய துணியால் நன்கு துடைத்து, உலர்ந்த விரலால் மட்டுமே லென்ஸை எடுக்கவும். குளிக்கும்போதும் குளத்திலோ கடலிலோ இறங்கும்போதும் அதனைக் கழற்றி வைக்கவும். லென்ஸையோ அதன் டப்பாவையோ குழாய்நீரில் அலசுவதும், கொதிக்கவைத்த நீரில் உப்பைக் கரைத்து ஊற்றி வைப்பதும், அவசரத்துக்கு எச்சிலால் நனைப்பதும் கூடாதவை. ஸம்ஸம் நீரும் இதற்குரியதன்று, அது அருந்துவதற்கு. உரிய கரைசலில் தேய்த்து அலசி, ஒவ்வொரு நாளும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். பழையதன் மேலேயே சிறிது ஊற்றிக்கொள்வது சிக்கனமாகாது. டப்பாவைக் கவிழ்த்து உலரவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும்.

உறக்கம் குறித்துத் தனியே சொல்ல வேண்டியுள்ளது. லென்ஸோடு உறங்குவது நோய்த்தொற்றின் அபாயத்தை ஆறு முதல் எட்டு மடங்கு உயர்த்துகிறதென அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது. மூடிய இமைக்குள் கார்னியாவுக்குக் காற்று குறைவாகவே கிடைக்கும். லென்ஸும் இருந்தால் மேலும் குறையும். லுஹருக்கு முன்பு போடும் கைலூலாவும் உறக்கமே. ஃபஜ்ரைக் கண்ணாடியோடு தொழுது, பணிக்குப் புறப்படும்போது லென்ஸ் அணிந்து, மக்ரிபுக்கு வீடு திரும்பியதும் கழற்றிவிடுவது எளிய ஒழுங்கு. தராவீஹ், தஹஜ்ஜுத் என்று இரவு நீளும் ரமளானில் கண்ணாடியே துணையாகட்டும். உம்ரா, ஹஜ்ஜுக்குச் செல்வோர் லென்ஸ் அணிந்தாலும், புழுதியையும் உறக்கக் குறைவையும் எண்ணி ஒரு ஜோடிக் கண்ணாடியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சுர்மா இடும் வழக்கமுள்ளோர் லென்ஸ் அணிந்திருக்கும்போது இடவேண்டாம். அதன் துகள்கள் லென்ஸின் அடியில் சிக்கிக் கார்னியாவைக் கீறும். மேலும் கடைகளில் சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பொடிகள் பலவற்றில் ஈயம் உள்ளது. ஸுன்னத்தைப் பேண விரும்புவோர் வாங்கும் பொருளையும் ஆராய்வது கடமை.

நிகாஹும் மறைக்கப்படும் கண்ணாடியும்

இரண்டாவது கேள்விக்கு நம் பதில் சிலருக்குக் கசக்கலாம். பெண் பார்க்கும் நாளில் கண்ணாடியை மறைப்பதற்காக மட்டும் லென்ஸ் அணிவிப்பதை நாம் ஆதரிக்கவில்லை. விற்பனைப் பொருளின் குறையை மறைப்பதையே நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்க, வாழ்நாள் ஒப்பந்தத்தை மறைப்பில் தொடங்குவது எங்ஙனம் சரியாகும்? ஆனால் இந்தக் கண்டனத்தை அந்தப் பெண்ணின் மீதோ அவளுடைய தாயின் மீதோ சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. "பெண் கண்ணாடி போட்டிருக்கிறாளாமே" என்று வாசலோடு திரும்பும் மாப்பிள்ளை வீட்டாரே இந்த மறைப்பைப் பிறப்பிக்கின்றனர். மாப்பிள்ளை கண்ணாடி அணிந்திருந்தால் "நன்றாகப் படித்தவர்" என்கிறோம். பெண் அணிந்திருந்தால் "குறை" என்கிறோம். ஒரே கண்ணாடிக்கு இரு தீர்ப்பா?

இந்த இரட்டை அளவுகோலின் விலை வெட்கத்தோடு நிற்பதில்லை. கெரட்டோகோனஸ் உள்ள பெண்ணுக்குச் சிகிச்சையைத் தொடங்கினால் செய்தி பரவிவிடுமென்று, "நிகாஹ் முடியட்டும்" எனத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. கூம்பு நிகாஹுக்காகக் காத்திருக்காது. உறுதிப்படுத்தும் சிகிச்சைக்கும் கார்னியா ஓரளவு தடிமனோடு இருக்க வேண்டும். காலம் தவறினால் சிலருக்குக் கார்னியா மாற்று அறுவையே வழியாகிறது. ஒரு சம்பந்தம் கைநழுவினால் வேறொன்று வரலாம். நழுவிய பார்வைக்கு அந்த உறுதியில்லை.

மணமேடை அலங்காரத்தில் புகுந்துவிட்ட வண்ண லென்ஸ் குறித்தும் ஒரு சொல். பார்வைக் குறை இல்லாத பெண்ணின் கண்ணில், ஒப்பனைக்காரர் தம் பெட்டியிலிருந்து எடுத்த சாம்பல் நிற லென்ஸை வைக்கிறார். அதே ஜோடி முந்தைய வாரம் வேறொரு மணமகளின் கண்ணில் இருந்திருக்கக்கூடும். பவர் இல்லாத வண்ண லென்ஸையும் மருத்துவக் கருவியாகவே கருதி, மருந்துச்சீட்டின்றி விற்கலாகாது என 2005இல் அமெரிக்கா சட்டமியற்றியது காரணமின்றி அன்று. நிறத்தை மாற்றுவதன் மார்க்கச் சட்டத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம்; பிறர் அணிந்த லென்ஸை அணிந்து கண்ணுக்குத் தீங்கு தேடுவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அவசியமெனக் கருதுவோர் கண் மருத்துவரிடம் அளவெடுத்து, தமக்கென்றே புதிதாக ஒருநாள் லென்ஸ் வாங்கிக்கொள்ளட்டும். அல்லாஹ் தந்த கருமை நிறம் மணமகளுக்கு எவ்விதத்திலும் குறைவன்று என்பது நம் எண்ணம்.

கண் சிவந்தால்

லென்ஸ் அணிபவரின் கண்ணில் சிவப்பு, வலி, நீர்வடிதல், வெளிச்சத்தில் கூச்சம், மங்கல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே லென்ஸைக் கழற்ற வேண்டும், மீண்டும் அணியலாகாது. அன்றே கண் மருத்துவரை அணுக வேண்டும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் உடன் கொண்டுசென்றால், கிருமியை ஆராய அவை உதவும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு சிவப்பைக் குறைத்துக் காட்டிக்கொண்டே புண்ணை ஆழமாக்கக்கூடும். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஓதிய நீரை அருந்தட்டும். சிவந்த கண்ணில் ஊற்ற வேண்டாம்.

நோன்பைக் காரணங்காட்டிச் சொட்டுமருந்தை நிறுத்துவோரும் நம்மிடையே உள்ளனர். கண்ணில் இடும் சொட்டு நோன்பை முறிக்காது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை. சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் 1997இல் அவ்வாறே தீர்மானித்தது. மணிக்கு ஒருமுறை சொட்டு தேவைப்படும் கருவிழிப் புண்ணுக்கு ஒரு பகல் மருந்தை நிறுத்துவது பெருஞ்சேதம் விளைவிக்கும். முகத்தில் தண்ணீர் படக்கூடாதென மருத்துவர் சொன்னால் ஒளூவிலும் சலுகை உண்டு. அதன் முறையை அருகிலுள்ள ஆலிமிடம் கேட்டறியலாம்.

மஹல்லா செய்ய வேண்டியது

பார்வையிழப்பு இழிவன்று. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நபியவர்களின் பள்ளியில் பாங்கு சொல்லும் சிறப்பைப் பெற்றவர்கள். ஆனால் தடுக்கக்கூடிய இழப்பைத் தடுக்காமல் விடுவது அமானிதத்தில் செய்யும் குறைபாடாகும். சிகிச்சை தேடுவது நபிவழி. ஒளி பொருள்களிலிருந்து கண்ணுக்குள் வருகிறதென விளக்கிய இப்னுல் ஹைதமும், கண் மருத்துவர்களுக்கென நூல் எழுதிய பக்தாதின் அலீ இப்னு ஈஸாவும் நம் முன்னோர்களே. கண் மருத்துவம் நமக்கு அந்நியமான துறையன்று.

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒவ்வொரு மதரஸாவும் கல்வியாண்டின் தொடக்கத்தில் பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்க ஒருநாள் ஒதுக்கட்டும். சுவரில் ஓர் எழுத்துப் பலகையும் ஆறு மீட்டர் இடமும் இருந்தாலே முதற்கட்டச் சோதனையை ஓர் ஆசிரியர் கற்றுச் செய்யலாம். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிப்பது முக்கியம். இல்லையேல் நல்ல கண், கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். கண்ணாடியாலும் தெளிவு வராத பிள்ளையைக் கார்னியாப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பட்டும். 1819இல் தொடங்கப்பட்டு இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்றவையும் நம் மாநிலத்திலேயே உள்ளன.

கடினலென்ஸும் ஸ்க்லெரல் லென்ஸும் ஏழைக் குடும்பத்துக்கு எளிய செலவன்று. லென்ஸின் விலையோடு கரைசல், டப்பா, மறுபரிசோதனை, இரண்டொரு ஆண்டுகளில் மாற்றும் செலவு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஸகாத் பெறத் தகுதியுள்ள மாணவனுக்கு இதற்கான தொகையை வழங்க பைத்துல்மால் நிர்வாகிகள் முன்வரட்டும். தையல் இயந்திரமும் திருமண உதவியும் தருவதைப் போலவே, ஒரு பிள்ளையின் கையில் முஸ்ஹஃபைத் தெளிவாகத் தெரியவைப்பதும் நற்செயலே.

பெற்றோர்களே, லென்ஸ் வேண்டுமெனப் பிள்ளை கேட்டால் "எதற்காக?" என்று அன்போடு கேளுங்கள். கண்ணின் தேவைக்கென மருத்துவர் சொன்னால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். பேணும் முறையைக் கற்றுக்கொடுங்கள். ஊராரின் பேச்சுக்காகக் கேட்டால், கண்ணாடியோடு தலைநிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுங்கள்.

பார்வை என்னும் நிஃமத்தை அறிந்து பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.